தனக்கோடியைச் சுடாத தீ

என் அண்ணி தனக்கோடி தண்ணீரில் மூழ்க மாட்டாள். மூழ்க நினைத்தாலும் முடியாது. சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் குப்பத்துக்கு மேற்கே உப்பங்கழி இருக்கிறது. திருக்கழுக்குன்றம் போய் மீன் விற்றுவிட்டு வந்து, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் அதில் இறங்குவாள். மல்லாந்து கண்ணை மூடினால் அவ்வளவுதான். புடவை சுற்றிலும் விரிந்து கிடக்க, நீரோட்டம் அவளை மெல்ல நகர்த்திக்கொண்டு போகும். கொக்குகூட அவளைக் கண்டு பறக்காது. நாங்களெல்லாம் வற்றிப்போன உடம்புக்காரிகள், கையைக் காலை அடித்துக்கொண்டால்தான் மிதப்போம். நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கும் கண் சொக்கும். அவள் கழியில் மிதக்கிறாளா, கழிதான் அவளைச் சுற்றி மிதக்கிறதா என்று புரியாமல் போய்விடும்.

நான் செல்லம்மா. தனக்கோடியின் புருஷன் சிங்காரத்துக்குத் தங்கை. எட்டாவது வரை படித்ததால் குப்பத்துப் பால்வாடியில் டீச்சர் வேலை. டீச்சர் என்று பெயர்தான் பெரிது. மூக்கைத் துடைத்துவிட்டு மாவு உருண்டை பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. உள்ளூரிலேயே வாக்கப்பட்டதால் அண்ணன் வீடும் என் வீடும் எதிரும் புதிருமாக இருந்தன. அண்ணியைப் பற்றி இதுவரை நிறையப் பேர் நிறையப் பேசியிருக்கிறார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் வாயில் உப்பைப் போட்டுத் தேய்க்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

எங்கள் குப்பத்தில் பருமன் என்பது அழகுக்கும் மேலே ஒரு படி. கடல் சீறுகிற ஐப்பசி கார்த்திகையில் கட்டுமரங்கள் கரையேறிக் கிடக்கும். அடுப்பு எரியாத வீடுகள் நிறைய. அந்த மாதங்களிலும் இளைக்காத உடம்பு என்றால், உள்ளே ஏதோ தெய்வம் குடியிருக்கிறது என்றுதான் நினைப்போம். நோய் ஒல்லியானவர்களைத் தேடி வரும் என்பது எங்கள் கணக்கு. இருமி இருமி எலும்பாகிப் போனவர்களைப் பார்த்திருக்கிறோம். வாந்திபேதியில் ஒரே பகலில் உறிஞ்சிப் போட்ட மாதிரி ஆனவர்களையும் பார்த்திருக்கிறோம். குண்டாக இருந்து நோயில் போனவர் என்று ஒருத்தரும் நினைவில் இல்லை. குண்டாகவே ஒருத்தரும் இருந்ததில்லை என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

அதனால் எந்த வீட்டில் அம்மை வார்த்தாலும் முதலில் தனக்கோடிக்குத்தான் ஆள் போகும். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். பெற்ற தாயே கிட்டப் போகப் பயந்து நிற்பாள். அண்ணி சாவகாசமாக உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையின் தலையைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொள்வாள்.

"இன்னாத்துக்குப் பயப்படுறீங்க? ஆத்தா விருந்தாளியா வந்துகீறா. நாலு நாளு தங்கிட்டுப் போவா. எம்மேல ஏற மாட்டா. ஏறுனா எறங்கறதுக்குள்ள அவளுக்கே மூச்சு வாங்கும்" என்பாள். சொல்லிவிட்டு அவளே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். வீட்டிலிருந்த பயம் பாதி போய்விடும்.

எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் என் மகள் ரத்னாவுக்கு அம்மை வார்த்தது. அவளுக்கு அப்போது மூன்று வயது. கண்ணிமைக்குள்கூட முத்து. ஜுரத்தில் குழந்தை என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தது. நான் பால்வாடியில் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் தைரியம் சொல்பவள், என் பிள்ளைக்கு வந்ததும் கைகால் ஓடவில்லை. அண்ணிதான் வந்து உட்கார்ந்தாள். வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே ஏதோ முனகுவாள். பாட்டா, பேச்சா என்று தெரியாது. அந்த முனகலில் குழந்தையும் தூங்கும், நானும் தூங்கிவிடுவேன். விழித்துப் பார்த்தால் அவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள், கை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

ஜுரம் உச்சத்துக்குப் போன அன்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டாள். "தாயே, எங்கொழந்தய வுட்டுடு. ஆடியில ஒனக்குத் தீ மிதிக்கிறேன்."

எங்கொழந்த என்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் அதை நினைத்துக்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்கு ஊரே தன் சதைதான்.

ரத்னா பிழைத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அண்ணி ஒரு குடம் தண்ணீரை அப்படியே தூக்கிக் குடித்தாள். அந்தக் கோடை முழுக்க அவளுக்கு அடங்காத தாகம். கூடை சுமந்து அலைகிறாள், வேர்க்கிறது, தாகம் எடுக்கிறது, இதில் என்ன அதிசயம் என்று விட்டுவிட்டோம். இன்னொன்றும் சொன்னாள்.

"செல்லம்மா, இப்பல்லாம் தரையே தெரியல்லடீ. பஞ்சு மேல நடக்கற மாதிரி கீது."

"ஒன்னைத் தாங்கித் தாங்கித் தரையே மெத்துன்னு ஆயிடுச்சு அண்ணி" என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் முகத்தில் ஒரு கிறக்கம் இருந்தது. மேகத்தில் நடக்கிறவள் மாதிரிதான் அந்த நாட்களில் நடந்தாள். அதுவும் எங்களுக்கு நல்ல சகுனமாகவே பட்டது.

ஆடி பிறந்து காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் பத்து நாள் மீன் தொடக் கூடாது, புருஷன் பக்கத்தில் படுக்கக் கூடாது. இரண்டாவதைக்கூட எங்கள் ஆட்கள் தாங்கிக்கொள்வார்கள். மீன் இல்லாமல் எப்படி? கருவாட்டு வாடை இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. விரதத்தில் யார் தடுமாறினார்கள் என்று தீ மிதிக்கிற அன்று தெரிந்துவிடும் என்பது ஊர் வழக்கு. சுத்தமாக இருந்தவரைத் தீ சுடாது. கொப்புளம் கண்டால் அவர் ஏதோ தப்புச் செய்தவர். கொப்புளம் கண்டவரைத் தேர்க் கயிறு தொட விட மாட்டார்கள், அடுத்த வருஷம் வரைக்கும் அந்த வீட்டு வாசலில் கரகம் நிற்காது. அண்ணி கஞ்சியும் ஊறுகாயுமாக இருந்தாள். அவள் வீட்டுக் கூரையில் தொங்கிய கருவாட்டுக் கட்டைக்கூட எங்கள் வீட்டுக்கு மாற்றினேன். இதற்கு நானே சாட்சி.

தீ மிதிக்கிற அன்று காலையிலிருந்தே சவுக்குக் கட்டைகளை அடுக்கி எரித்தார்கள். பொழுது சாயும்போது குழி முழுக்கச் செந்தணல் படர்ந்துவிட்டது. கடலில் முழுகி எழுந்து, ஈர மஞ்சள் புடவையும் கையில் வேப்பிலையுமாக ஒவ்வொருவராக வந்தார்கள். பம்பை முழங்கியது. ஆண்களெல்லாம் குடுகுடுவென்று ஓடிக் கடந்தார்கள். பாதி வேகம் பக்தியில், பாதி வேகம் சூட்டில்.

அண்ணி ஓடவில்லை.

நடந்தாள். கழியில் மிதப்பதைப் போலவே போனாள். நடுக்குழியில் நின்றுவிட்டாள். பூசாரி "போ தாயி, போ" என்று கத்தினார். அவள் கேட்கவில்லை. கடல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். தணலின் சிவப்பு அவள் கன்னத்திலும் கையிலும் ஏறியிருந்தது. ஈரப் புடவையிலிருந்து ஆவி கிளம்பி அவளைச் சுற்றி நின்றது. கண் பாதி மூடி, சிரித்துக்கொண்டிருந்தாள். பம்பைக்காரனுக்கே கை நின்றுவிட்டது. நான் ரத்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கும்பிட்டேன். என் அண்ணியைத்தான் கும்பிட்டேன். எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு மெதுவாக நடந்து வந்து பால் ஊற்றிய குழியில் இறங்கினாள்.

பெண்கள் அவள் காலில் விழுந்தார்கள். மஞ்சளும் சாம்பலும் அப்பிய பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கல்பாக்கத்தில் கட்டட வேலைக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்கள்கூட விழுந்தார்கள். நான் கிட்டே போனபோது என் காதில் சொன்னாள்.

"குளுகுளுன்னு இருந்துச்சுடீ. ஈர மணல்ல நிக்கறாப்புல. அவ என்னைக் கையில ஏந்திகினா செல்லம்மா. இத்தினி பெரிய ஒடம்ப யாரும் ஏந்துனதே இல்ல. அவ ஏந்துனா."

அவள் அழுதுகொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷத்தை நான் எந்த மனுஷ முகத்திலும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அண்ணி எங்கள் வீட்டுப் பக்கம் வருவது குறைந்தது. கழிக்கும் போகவில்லை. கூடை எடுக்கவில்லை. "மழ வர்ற மாதிரி கீது, ஒடம்பு அசதியா கீது" என்றாள். ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது. அண்ணனிடம் கேட்டேன்.

"யானை படுத்தாலும் குதிர மட்டம். அவளுக்கு ஒண்ணும் ஆவாது, நீ போ" என்றான் சிங்காரம். பாவம், அவன் உலகத்தில் அவள் ஒருத்தியைத்தான் மலை மாதிரி நம்பினான்.

ஒரு நாள் காலை அவள் வீட்டுக்குள் போனேன். சாணம் மெழுகிய தரையில் ஈரத் தடங்கள். அடுப்படியிலிருந்து பானை வரைக்கும், பானையிலிருந்து பாய் வரைக்கும். எல்லாம் வலது காலுடையவை. தண்ணீர் என்றால் இதற்குள் காய்ந்திருக்கும். குனிந்து பார்த்தேன். வாடை அடித்தது. அது மீன் வாடை இல்லை. மீன் வாடையிலேயே பிறந்தவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டாம்.

"காலைக் காட்டு அண்ணி."

"ஒண்ணும் இல்லடீ."

பாயில் தள்ளாத குறையாக உட்காரவைத்து, பாதத்தைத் தூக்கி என் மடியில் வைத்தேன். உள்ளங்காலில் கொட்டாங்குச்சி அகலத்துக்குக் குழி. உள்ளே கறுப்பும் மஞ்சளுமாக இருந்தது. விரலிடுக்கில் சிவப்பு ஏறி, கணுக்கால் வீங்கி மினுமினுத்தது. அவளோ நான் யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலயா அண்ணி?"

"வலிச்சாத்தானே தெரியும்? எங்காலுக்கு அடியில எனக்கு எங்கடீ கண்ணு எட்டுது, வயிறு மறைக்குது. ஈ மொய்க்கறப்பத்தான் தெரிஞ்சிது." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருகிட்டயும் சொல்லிடாத. ஒங்கண்ணனுக்குக்கூடத் தெரியாது. தீ சுட்டுச்சின்னு தெரிஞ்சா ஊரு இன்னா சொல்லும்? தனக்கோடி கருவாடு துன்னுட்டு மிதிச்சான்னு சொல்லும். அவ ஏந்துனத யாரும் நம்ப மாட்டாங்க."

சதை அழுகுகிறது, அதை ஊருக்குத் தெரியாமல் மஞ்சள் பத்துப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கால் போனாலும் பேர் போகக் கூடாதா? நீ என்ன மகாராணியா?" என்று கத்தினேன். அவள் உடம்பு அனலாகக் கொதித்தது அப்போதுதான் என் கையில் உறைத்தது.

அண்ணனும் நானும் அவளைப் பஸ்ஸில் ஏற்றினோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே ஜுரத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து, "கழுகெல்லாம் எறங்கி வருது, சோறு வையிங்கடீ" என்றாள். செங்கல்பட்டு வந்ததும் கொளவாய் ஏரி தெரிந்தது. மாலை வெயில் அதன்மேல் விழுந்து தகதகத்தது.

"கடலு எம்பின்னாடியே வந்துடுச்சு பாரு" என்றாள். "என்னை வுட்டு இருக்க முடியல அதுக்கு." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அண்ணன் தோளில் சாய்ந்து மிதந்துகொண்டே வந்தாள்.

லேடி டாக்டர் பெயர் ஜெசிந்தா. கடுகடுத்த முகம், மெதுவான கை. ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிலிலிருந்து நாலடி தள்ளிக் கூப்பிட்டார்.

"இவங்களுக்குச் சர்க்கரை இருக்கு. வருஷக் கணக்கா இருந்திருக்கணும்."

"அண்ணிக்கு நோயே அண்டாது டாக்டர். ஊரு பூரா அம்மை பார்த்தவங்க. நல்ல உடம்பு, நீங்களே பார்க்கறீங்களே."

"அந்த நல்ல உடம்புதான்மா வினை" என்றார். "சின்ன வயசுல ஒரு தடவை அம்மை வந்து போயிருக்கும், அதான் திரும்ப வரல. அதுக்கும் பருமனுக்கும் சம்பந்தமில்ல. சதை அளவுக்கு மீறிப் போனா சர்க்கரை சீக்கிரம் வந்து ஒட்டிக்கும். சர்க்கரை ஏறின உடம்புல கிருமிக்குக் கொண்டாட்டம், அதை எதிர்க்கிற சக்திக்குத் திண்டாட்டம். சின்னப் புண்ணுகூட ஆறாது, புரையோடிப் போகும். பாதத்து நரம்பு மரத்துப் போனதால வலியும் தெரியல. தீயில நின்னாங்களாமே?"

"நின்னாங்க. அம்மன் குளிர வைச்சா."

டாக்டர் என்னைப் பார்த்தார். கடுகடுப்பெல்லாம் போய் முகம் வாடிவிட்டது. "செத்துப்போன நரம்புக்குத் தணலும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான்மா" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணி கட்டிலில் கண் திறந்து கிடந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அவள் கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். எடுக்காவிட்டால் உயிர் போயிருக்கும். மயக்கம் தெளியாத நாட்களில் அவள் கழிக்குப் போய்விட்டிருந்தாள். "தண்ணி நல்லா கீதுடீ, நீயும் எறங்கு" என்று என்னைக் கூப்பிடுவாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "இதோ வந்துட்டேன் அண்ணி" என்பேன். வார்டில் டெட்டால் நாற்றம். ஜன்னலுக்கு வெளியே ரயில் போகிற சத்தத்தை அலை என்று நினைத்துக்கொள்வாள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பழகினேன்.

ஐப்பசி மழையோடு ஊருக்குக் கொண்டுவந்தோம். இரண்டு அக்குளிலும் கட்டை. ஊசியும் மாத்திரையுமாகக் கொஞ்சம் இளைத்திருந்தாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோதே ஊர் பேசத் தொடங்கிவிட்டது. காலில் விழுந்தவர்களே வாயில் போட்டு மென்றார்கள். அந்த உடம்பு மீன் இல்லாமல் பத்து நாள் இருக்குமா என்று சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. கருவாட்டுக் கட்டு என் வீட்டில் இருந்தது, டாக்டர் சொன்னது இன்னது என்று கோயில் வாசலில் நின்று நாலு பேரையாவது கிழிக்கலாம் என்று புறப்பட்டேன். அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லாத."

"ஏன்? நீ தப்புச் செய்யல. வியாதி அண்ணி, வெறும் வியாதி!"

"துன்னேன்னே இருக்கட்டும். நான் கருவாடு துன்னுட்டேன், அவ என்னைச் சுட்டுட்டான்னே இருக்கட்டும்."

"ஒனக்குப் பைத்தியமா?"

"தப்பு என்னோடதுன்னா, அவ அங்க இருந்தா. ஏந்துனா, அப்பறம் அடிச்சா. அடிச்சா இன்னா, ஆத்தாதானே? டாக்டரம்மா சொல்றது நெசம்னா…" முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அன்னைக்கி ஒரு நாளுதான்டீ என்னை ஒருத்தி தூக்குனா. அத்த எங்கிட்டேர்ந்து புடுங்காத."

அவளை யார் கேவலமாகப் பேசினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அண்ணன் வீட்டு வாசலில் கரகம் நிற்காமல் போயிற்று. அண்ணன் தலை குனிந்து நடந்தான். அவளோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அமைதியாக இருந்தாள். சாயங்காலங்களில் கட்டையை ஊன்றிக் கழிக்கரைக்குப் போய் உட்காருவாள். இறங்க மாட்டாள். தணலில் நின்ற அந்த நேரத்துக்கு மனத்தாலேயே திரும்பிப் போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அங்கே அவளுக்கு இரண்டு காலும் இருந்தன.

அடுத்த ஆடி வந்தது. காப்புக் கட்டுகிற அன்று காலையில் அவளுடைய தம்பி தணிகைவேல் முட்டுக்காட்டிலிருந்து வந்து இறங்கினான். அக்கா உடம்புதான் அவனுக்கும். வாசற்படி நிறைய நிற்பான். நண்டு வியாபாரத்தில் நாலு காசு பார்த்து இன்னும் சதை போட்டிருந்தான். கையில் மஞ்சள் துணி.

"அக்கா, நான் தீ மிதிக்கப் போறேன்" என்றான்.

"இன்னாத்துக்குடா?"

"ஊரு ஒன்னை இன்னா பேசுது? எங்கக்கா கருவாடு துன்னாளாம். அதே ரத்தம்தான் நானு. அதே குழியில, அதே எடத்துல நின்னு காட்றேன். எவன் பேசறான்னு பாக்கறேன்."

"அதெல்லாம் வோணாம் தணிகை."

"நீ சும்மா இருக்கா. அம்மனே கூப்புட்டுகினு கீறா." அவன் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்தான். இன்னொரு சொம்பு. மூன்றாவதையும் கவிழ்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு மாசமா காலு ரெண்டும் ஒரு மாதிரி கீது. பஞ்சு மேல நடக்கறாப்புல. அன்னைக்கி ஆணி குத்திக் கெடந்துச்சு, சாயங்காலம் வரைக்கும் தெரியவே இல்லக்கா. ஒனக்குக் குடுத்த வரத்த எனக்கும் குடுத்துட்டா ஆத்தா."

அண்ணி சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவனையே பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள், காலியான சொம்பைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நான் சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டேன். அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவன் கிளம்பிப் போய்விட்டான். கோயிலில் பம்பை ஆரம்பித்தது. அவள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். உலை பொங்கி வழிந்தது, பார்க்கவில்லை. தம்பியா, தன்னைத் தூக்கிய அந்த ஒரு நாளா என்று அவள் கிடந்து தவித்தது எனக்குத் தெரிந்தது. வாய்விட்டு அழுதிருந்தாலாவது எனக்குத் தாங்கியிருக்கும்.

திடீரென்று கட்டையை எடுத்து அக்குளில் கொடுத்தாள். "வாடீ" என்றாள்.

மணலில் கட்டை புதைந்து புதைந்து வந்தது. பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். கோயில் முன்னால் கூட்டம். தணிகைவேல் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றான். பூசாரி மஞ்சள் கயிற்றைச் சுற்றப் போனார்.

"கட்டாத!"

அந்தக் குரலுக்குக் கூட்டம் விலகியது.

"எந்தம்பிக்குக் காப்புக் கட்டாத. அவனுக்கு வந்துகீறது வரம் இல்ல, வியாதி. சக்கர வியாதி. எனக்கு வந்ததே அதான். காலு செத்துப்போயிடும், நெருப்புல நின்னாலும் தெரியாது, புண்ணு உள்ளாறவே அழுவும். இன்னைக்கே அவன செங்கல்பட்டுக்கு இட்டுகினு போவணும்." மூச்சு வாங்கியது. "நான் கருவாடு துன்னல. ஒரு முள்ளக்கூட தொடல. செல்லம்மாவக் கேளுங்க."

பூசாரி கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினார். "தாயி, நீயே சொன்னியே, ஆத்தா ஏந்துனான்னு. ஊரே பாத்துச்சே. அப்ப அன்னைக்கி குழியில…"

அண்ணி கோயிலுக்குள் பார்த்தாள். கர்ப்பக்கிரகத்தில் விளக்கு எரிந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்கி குழியில நான் மட்டுந்தான் இருந்தேன்."

தணிகைவேல் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். அக்காவுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட காலைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். மத்தியான பஸ்ஸில் சிங்காரம் அவனைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனான். டாக்டரம்மா சொன்னபடி மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாக இரண்டு காலோடும் நெடுநாள் இருந்தான். அண்ணியின் காலை எடுத்த அன்று நான் அழுதேன். கோயில் வாசலிலிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அதைவிட அதிகமாக அழுதேன்.